கொலைகாரனுக்கு வைத்த பேர்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் கொலைக்கதை எழுதுகிறவள். குடி வந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. அவள் கணவன் ஐ.டி. கம்பெனிக்குக் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவான். நடுவில் மாடியில் ஒரு சத்தமும் இருக்காது. அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. யாரையும் எதுவும் கேட்கிற சுபாவம் எனக்கில்லை.

ஒருநாள் அவளே காபிப்பொடி கேட்டுக் கீழே வந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே, "மாமி, ராஜா காலத்துல ஊருக்கே சாப்பாடு போட்ட ஊட்டுப்புரைல ஒருத்தரை விஷம் வச்சுக் கொல்லணும். பாயசத்தை எதுல வச்சிருப்பாங்க?" என்றாள்.

"வெண்கல உருளியில்" என்றேன்.

"தேங்க்ஸ் மாமி" என்று பொடியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உருளியில்தானே வைப்பா. பின்னே எதிலே?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் அவளே விவரம் சொன்னாள். அவள் திருநெல்வேலிப் பக்கம். பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிறாள். எல்லாம் பழைய காலத்துக் கதை. கோட்டை, அரண்மனை, யானைக்கொட்டில் எல்லாம் வரும். புத்தகத்துக்கு ஒரு கொலை. கண்டுபிடிக்கிறவர்கள் இரண்டு பிள்ளைகள், பூக்கட்டுகிறவர் மகளும் யானைப்பாகன் மகனும்.

"பிள்ளைகளுக்குக் கொலை வேணுமா?" என்று கேட்டேன்.

"அதுங்கதான் கேக்குதுங்க மாமி. கொலை இல்லேன்னா வீட்டுப்பாடம் மாதிரி இருக்காம்."

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. சென்னையில் புத்தகம் போடுகிறவர்கள், கதையை முதலில் சில பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுக்கிறார்கள். இவள் முன்பு அனுப்பிய இரண்டும் திரும்பி வந்துவிட்டன. பாதியிலேயே பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். பாதியில் தெரிந்துபோனால் மீதிப் பாதியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "நியாயமான கேள்விதான்" என்றாள். மூன்றாவதும் திரும்பி வந்தால் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளும் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், இது போகாவிட்டால் எழுதுவதை மூட்டை கட்டிவிட்டு பி.எட். படிப்பதாக.

"அதுனாலதான் மாமி, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளை வாசிச்சுப் பாக்கணும்."

எங்கள் தெருவில் பிள்ளைகள் உண்டு. எல்லாம் தமிழ் பேசும். வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும். அவள் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தாள். நான் ஐந்தாம் கிளாஸ் வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பத்து வயதில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் என் படிப்பு வளரவுமில்லை, குறையவுமில்லை.

"நீங்கதான் மாமி சரியான வயசு" என்றாள். நான் மறுத்துப் பேசத் தெரியாமல் தலையாட்டினேன்.

ஏற்பாடு இதுதான். மூன்று மணிக் காபி முடிந்ததும் ஒரு அத்தியாயத்தை அச்சடித்துக் கொண்டு வருவாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வாய்விட்டுத்தான் வாசிப்பேன். எங்கள் காலத்தில் வாய் அசையாமல் வாசிக்கச் சொல்லித் தரவில்லை. எங்கே நாக்குத் தட்டுகிறதோ அங்கே அவள் பென்சிலால் கோடு போடுவாள். அத்தியாயம் முடிந்ததும், யார் மேல் சந்தேகம் என்று நான் சொல்ல வேண்டும். கொலை செய்தவன் பேர் என் வாயில் கடைசி அத்தியாயம் வரை வராவிட்டால் கதை சென்னைக்குப் போகும்.

முதல் அத்தியாயத்தில் ஊட்டுப்புரையின் தலைமைச் சமையல்காரர் விடியற்காலையில், அடைப்பிரதமன் என்கிற வெல்லப் பாயசம் இருந்த உருளிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தார். யாரும் பிரதமனைத் தொடவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அரண்மனை வைத்தியர் வந்தார். மூன்றாவதில் கலவறை வந்தது. கலவறை என்றால் அரிசி, பருப்பு, ஏலக்காய் எல்லாம் பூட்டி வைக்கிற அறை. அங்கே இரண்டு பேர். ஒருவன் சாமான் அளந்து கொடுக்கிற அளவுகாரன், சின்ன வயது, முன்கோபி. இன்னொருவர் அவனுக்கு மாமனார். கலவறைக்குப் பெரியவர் அவர்தான். சாந்தமான மனுஷர்.

அந்த மாமனாருக்கு அவள் வைத்திருந்த பேர் என் வீட்டுக்காரர் பேர்.

எங்களில் ஆத்துக்காரர் பேரைச் சொல்லக்கூடாது. இந்தக் காலத்துப் பெண்கள் சொல்கிறார்கள், கூப்பிடவே செய்கிறார்கள், அது அவர்கள் சமாசாரம். நான் கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. அவர் பேர் ஒரு சுவாமி பேர். அந்தச் சுவாமியையும் நான் பேர் சொல்லிக் கும்பிட்டதில்லை. "உங்களைத்தான்" என்று கும்பிடுவேன். இத்தனை வருஷத்தில் சுவாமிக்குக் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை. கோவிலில் வழிபாட்டுச் சீட்டு எழுதுகிற பையன் "பேரு?" என்று கேட்டால், நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்பேன். அவன் புதிதாக வந்தபோது கொஞ்ச நேரம் நிற்க வைத்தான். இப்போது கேட்பதில்லை, அவனே எழுதிக்கொள்கிறான்.

யாராவது உங்காத்துக்காரர் யார் என்று கேட்டால், "பிள்ளை துபாயில் இருக்கானே, அவனோட அப்பா" என்பேன். ஆளைச் சொல்ல வேண்டுமானால் பக்கத்து ஆளிலிருந்து தொடங்கித்தான் போய்ச் சேர வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்த வழி தெரியும்.

மாடிப் பெண்ணுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு என்ன பேர் என்பதும் அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அவர் வெறும் மாமா.

அந்தப் பேர் வந்த இடத்தில் நான் நின்றேன். அப்புறம் "அவர்" என்று மாற்றி வாசித்துக்கொண்டு போனேன். அவள் கோடு போடவில்லை. வயதான பாத்திரத்துக்கு மாமி மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்தாளாம். அத்தியாயம் முடிந்தது.

"சொல்லுங்க மாமி, யாரு மேல சந்தேகம்?"

எனக்குச் சந்தேகம் அந்த மாமனார் மேல்தான். அவரைச் சொல்ல, வழக்கம்போலப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

"அந்த அளவுகாரன் இருக்கானே..." என்றேன். அவனோட மாமனார் என்று முடிப்பதற்குள் அவள் கை தட்டிவிட்டாள்.

"மாட்டிக்கிட்டீங்க! எனக்குத் தெரியும் மாமி, எல்லாரும் அவனைத்தான் சொல்லணும், அதுக்காகத்தான் அவனைக் கோவக்காரனா வச்சிருக்கேன். ஐயோ, சொல்லிட்டேனே, அவன் இல்லேன்னு. பரவால்ல, மறந்துடுங்க."

இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு வாக்கியத்தைத் தொடங்கவே நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது பேசிவிட்டால் மீதி உள்ளேயே தங்கிவிடும். இதுவும் தங்கிவிட்டது.

அடுத்த நாள் திருத்திச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் அவள் அச்சுமுறுக்கு வாங்கி வந்தாள், நான் ஏமாந்ததைக் கொண்டாட. முறுக்கைத் தின்றுவிட்டு எப்படிச் சொல்வது? அன்றைக்கு அத்தியாயம் முடிந்ததும் அவளே, "இன்னும் அளவுகாரன்தானா?" என்று கேட்டாள். நான் தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்தேன். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்படியே நாட்கள் போயின. கதையில் மாமனார் மூன்றாம் அத்தியாயத்தில் வந்ததிலிருந்தே நல்லது மட்டுமே செய்துகொண்டிருந்தார். சமையல்காரர் செத்துக் கிடக்கும்போது, பாவம், நாளைக்கு ஊருக்குச் சமைக்க வேண்டாமா, உருளியை முதலில் கழுவுங்கள் என்றார். துப்பறிகிற பிள்ளைகள் பசியோடு வந்தால் மடியிலிருந்து சர்க்கரைத் துண்டு எடுத்துக் கொடுத்தார். முந்தின நாள் ராத்திரி சமையல்காரர் பிரதமனை ருசி பார்க்கக் கூப்பிட்டபோதும், வயிறு சரியில்லை என்று மோர் மட்டும் குடித்திருந்தார்.

கடைசி அத்தியாயம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பூக்கட்டுகிறவர் மகள் எல்லோரையும் கலவறை வாசலில் நிறுத்தி வைத்து விரலை நீட்டினாள். மாமனார்தான். அரண்மனை ஏலக்காயை மலைப்பாதை வழியாக வெளியே விற்றுக்கொண்டிருந்தார். சமையல்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

மாடிப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "அட" என்றேன். எனக்கு அவ்வளவுதான் வரும். அவளுக்கு அது போதுமாயிருந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றைக்குத் தூக்கம் சரியாக இல்லை. சென்னைப் பிள்ளைகளும் என்னைப் போலவே மூன்றாம் அத்தியாயத்தில் கண்டுபிடித்துவிட்டால் அவள் பி.எட். படிக்கப் போவாள். அதற்கு நான் தின்ற முறுக்கும் ஒரு காரணமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் குளித்துவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, படியில் பாதி இறங்கி நின்றாள்.

"மாமி, அனுப்பப் போறேன்."

"எப்போ?"

"இப்பத்தான். ஒரு பட்டன் அமுக்கினாப் போயிடும்."

உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை தாண்டியிருந்தது.

"ராகுகாலம்" என்றேன்.

"நான் அதெல்லாம் பாக்கறதில்லையே மாமி."

"நான் பார்ப்பேன்" என்றேன்.

இந்த அளவுக்கு யாரையும் நான் எதிர்த்துப் பேசினதில்லை. அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "சரி மாமி, பன்னண்டு மணிக்கு" என்று மேலே போய்விட்டாள்.

எனக்குப் பன்னிரண்டு வரை நேரம் கிடைத்தது. ஈரத்துணியைப் பக்கெட்டில் விட்டுவிட்டு உள்ளே போனேன். வீட்டுக்காரர் பேப்பரில் இருந்தார்.

"கேட்டேளா. மேலே இருக்கறவள் கதையிலே கொலை பண்ணினவனுக்கு உங்க பேராக்கும்."

பேப்பரை மடித்தார். அவர் அப்படி மடிப்பது அபூர்வம்.

"இனிஷியலோடயா?"

"இல்லை. பேர் மட்டும்."

"எப்படிக் கொன்னான்?"

"விஷம். அடைப்பிரதமனிலே கலந்து."

யோசித்தார். "அதுவாக்கும் சரி. பால் பாயசம்னா நிறம் காட்டிக் குடுத்துடும்."

"நான் அவனைத்தான் முதல்லேயே சந்தேகப்பட்டேன். சொல்ல முடியலை. அவள் தெரியாம அனுப்பப் போறாள். திரும்பி வந்துடும்."

"போய்ச் சொல்லு."

"எப்படிச் சொல்றது?"

"நான் வேணா மாடிக்குப் போய், 'கொலை பண்ணினது நானாக்கும்'னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"பின்னே உன் இஷ்டம்." பேப்பரை மறுபடி விரித்தார். விரித்தபின், "பேரை மாத்தச் சொல்லாதே, கேட்டியா" என்றார். "இருந்துட்டுப் போகட்டும். கரண்டு பில்லைத் தவிர எங்கேயும் என் பேர் அச்சிலே வந்ததில்லை."

நான் மாடி ஏறினேன். முட்டிவலி வந்ததிலிருந்து ஏறினதில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்ன மாமி, மாமாவுக்கு ஏதாவது..."

இல்லை என்று தலையை ஆட்டினேன். மேசையில் அச்சடித்த தாள்கள் அடுக்கி இருந்தன. மூன்றாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பேர் முதலில் வருகிற இடத்தில் விரலை வைத்தேன். விரலால் தொடக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவரா?"

"ம்."

"எப்பலேருந்து?"

விரலை எடுக்காமல் அங்கேயே தட்டிக் காட்டினேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணாம் அத்தியாயம்" என்றாள். "பன்னண்டு அத்தியாயத்துல மூணு. பிள்ளைங்க அவர் வந்த பக்கத்துலயே பிடிச்சிடும்." தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். அப்புறம், "எதை வச்சு மாமி? உருளியைக் கழுவச் சொன்னதை வச்சா? சர்க்கரை குடுத்ததை வச்சா?" என்றாள்.

அப்போதுதான் நானும் அதை யோசித்தேன். எதை வைத்து?

"மத்தவா பேரெல்லாம் ஓடிப் போயிடும்" என்றேன். "இந்தப் பேர் வந்தா நான் நிக்கணும். நின்னு, அவர்னு மாத்தி, அப்பறம் போகணும். நின்ன இடத்திலே எல்லாம் அவர் ஏதாவது பண்ணிண்டிருந்தார். உருளி கழுவறார், சர்க்கரை குடுக்கறார், மோர் குடிக்கறார். வேற யாரையும் நான் அவ்வளவு பார்க்கலை."

"ஏன் மாமி நிக்கணும்?"

கீழே கை காட்டினேன். "அங்கே பேப்பர் வாசிச்சிண்டிருக்காரே. அவரோட பேராக்கும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். "கரண்டு பில்!" என்றாள். வாசலில் போட்டுவிட்டுப் போகிற பில்லை மாசாமாசம் எடுத்து எங்களிடம் கொடுப்பது அவள்தான். "நல்ல பழைய காலத்துப் பேரா இருக்கேன்னு மனசுல நின்னுடுச்சு மாமி. எங்கேருந்து வந்ததுன்னே தெரியாம வச்சுட்டேன். மாமா கோவிச்சுக்குவாரா?"

"மாத்த வேண்டாம்னு சொன்னார்."

அதற்கப்புறம்தான் அவள் முக்கியமான கேள்வியைக் கேட்டாள். "அப்ப, வேற பேரா இருந்திருந்தா? அப்பவும் பிடிச்சிருப்பீங்களா?"

நான் நின்று யோசித்தேன். உபசாரத்துக்குச் சொல்லக்கூடாது.

"அளவுகாரனைத்தான் சொல்லியிருப்பேன். அவன் முழியே சரியில்லை."

அவள் எழுந்து என்னை உட்கார வைத்தாள். "ஒரு பேர் சொல்லுங்க மாமி. உங்க நாக்கு நிக்காத பேரா, பழைய பேரா."

அது சுலபமில்லை. வீட்டுக்காரர் பேர் கூடாது. மாமனார் பேர் கூடாது. மூத்த மச்சினர் பேரும் கூடாது. பழைய காலத்துப் பேர்களில் எனக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். விதுராவில் இருக்கும் சின்ன மச்சினனை நான் பேர் சொல்லியே கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி வரும்போது அவன் டிராயர் போட்டுக்கொண்டிருந்தான். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டவன். பேரும் கச்சிதமாக இருந்தது. சொன்னேன்.

கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு வழி உண்டாம். ஒரு தடவை சொன்னால் எல்லா இடத்திலும் மாறிவிடுகிறது. என் வீட்டுக்காரர் போய் அவர் தம்பி வந்துவிட்டான். பன்னிரண்டு அடித்தது. அவள் பட்டனை அமுக்கினாள். நான் கீழே வந்து துணி உலர்த்தினேன்.

"மாத்திட்டாளா?" என்றார் வீட்டுக்காரர்.

"மாத்திட்டாள்."

"யார் பேர்?"

சொன்னேன்.

"அவனா! அவனுக்கு ஏலக்காய் எது, கிராம்பு எதுன்னு தெரியாது" என்றார். சாப்பிடும்போதும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தார்.

பதில் வர நாளாயிற்று. அது வரை அவள் காபிப்பொடி கேட்டு வந்தால் இரண்டு பேரும் வேறு எதையாவது பேசினோம். ஒருநாள் காலை மாடியில் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. படியில் அவள் இறங்கின வேகத்தில், செருப்பு அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. சென்னைப் பிள்ளைகள் எல்லோரும் அளவுகாரனைத்தான் சொன்னார்களாம். ஒரு பிள்ளை மட்டும் வைத்தியரைச் சொன்னதாம். மாமனாரை ஒருவரும் சொல்லவில்லை. புத்தகம் போடுகிறார்கள். அவள் அப்போதே அம்மாவுக்குப் போன் செய்து, பி.எட். இல்லை என்றாள். அந்தப் பக்கத்தில் அம்மா பேசினது எங்கள் வாசல் வரை கேட்டது.

புத்தகம் வந்து கொஞ்ச நாளில் என் ஓர்ப்படி வந்தாள். அதாவது விதுராவிலிருக்கும் அந்தச் சின்ன மச்சினனின் மனைவி. கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவள், தம்பானூரில் பஸ் இறங்கி ஆட்டோவில் வந்தாள். வந்ததும் ஆட்டோக்காரனை ஒரு பாடு திட்டிவிட்டு, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். அவளும் என் படிப்புத்தான். வாய்விட்டுத்தான் வாசிப்பாள்.

"மன்னி, இதாக்கும் மாடிப் பெண் எழுதினது? அட்டையிலே பொணம் போட்டிருக்கே. குழந்தைகள் பயப்படாதோ?"

"பயப்படாதாம்."

அவள் வாசிக்கத் தொடங்கினாள். மாடிப் பெண் படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள், தன் புத்தகத்தை ஒருவர் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்க. ஒன்றாம் அத்தியாயம் போயிற்று. இரண்டாம் அத்தியாயத்தில் வைத்தியரைப் பற்றி, "இவனைப் பார்த்தா நம்ம வளைவிலே இருந்தானே, பல்லு டாக்டர், அவனாட்டம் இருக்கு" என்றாள். மூன்றாவதில் கலவறை வந்தது. வாசிப்பு நின்றது.

மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். அப்புறம், "...இவர் வந்து உருளியைக் கழுவச் சொன்னார்" என்று வாசித்தாள். மறுபடி நின்றாள். "...இவர் பிள்ளைகளுக்குச் சர்க்கரை கொடுத்தார்." நின்றாள்.

புத்தகத்தைத் தாழ்த்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"மன்னி, கொலை பண்ணினது இவர்தானோ?"

மாடிப் பெண் படியிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அடுக்களைக்குள் போய்க் காபி ஆற்றினேன். வேண்டியதற்கு மேலேயே ஆற்றினேன். வெளியே ஓர்ப்படி, "சும்மா சொல்லப்படாது, மோர் மட்டும் குடிக்கறதைப் பார்த்தேளா, வீட்டிலேயும் இதே குணம்தான்" என்று சொல்வது கேட்டது.

அடுத்த கதையில் கொலை செய்வது ஒரு பெண்பிள்ளையாம். மாடிப் பெண் முடிவு செய்துவிட்டாள். பெண்டாட்டி பேரைச் சொல்ல எந்தப் புருஷனுக்கும் தடையில்லையே மாமி, இந்தத் தடவை யாரும் நிக்க மாட்டாங்க என்கிறாள். பழைய பேர் வேண்டுமாம். என் பேரைக் கேட்டாள், சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர்தான் இந்தத் தடவை வாசித்துப் பார்க்கப் போகிறார். என்னை அவர் "கேட்டியா" என்றுதான் கூப்பிடுவார். பேர் ஞாபகமிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.